லெ புய்யிலிருந்து நடக்கத் தொடங்குபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சின் லெ புய் ஊரிலிருந்து சாந்தியாகோவை நோக்கிப் போகும் யாத்திரைப் பாதையைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அதுவும் முக்கால்வாசி, முதல் சில நாட்களைப் பற்றியவை. அதில் நியாயம் இருக்கிறது. ஐந்தாம் நாளுக்கு மேல் பாதையே எல்லாவற்றையும் பழக்கிவிடும், கோட்டை விடுவதெல்லாம் தொடக்கத்தில்தான். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

இது எங்கே ஆரம்பிச்சு எங்கே முடியுது? மொத்தம் எவ்வளவு தூரம்?

முடிவது ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா நகரில். இயேசுவின் சீடரான யாக்கோபு அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்பது நம்பிக்கை. பிரான்சிலிருந்து அங்கே போக தூர், வெஸலே, லெ புய், ஆர்ல் என்று நான்கு வழிகளை 12ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றே குறிப்பிடுகிறது. லெ புய் வழி புகழ்பெற்றதற்குக் காரணம் அந்த ஊர் ஆயர் கோதெஸ்கால்க். 950-951இல் அவர் சாந்தியாகோவுக்குப் போய் வந்தார்.

இன்று அந்த வழியைப் பெரும்பாலும் ஒட்டியே ஜி.ஆர். 65 என்ற நடைபாதை போகிறது. லெ புய்யிலிருந்து ஸ்பெயின் எல்லையோரம் உள்ள சேன்-ழான்-பியே-தெ-போர் வரை ஏறக்குறைய 740 கிலோமீட்டர். அங்கிருந்து சாந்தியாகோவுக்கு இன்னும் 780 கிலோமீட்டர் போல. ஆக 1,500க்கு மேல்.

ஐயோ, 1,500 கிலோமீட்டரா? எனக்கு லீவு ரெண்டு வாரம்தான்.

தாராளமாகப் போதும். பிரெஞ்சுக்காரர்களே பலர் வருடத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் என்று நடக்கிறார்கள். விட்ட இடத்தில் அடுத்த வருடம் தொடருவார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது லெ புய் முதல் கோங்க் வரை. சுமார் 200 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் பத்து, பதினோரு நாள். எரிமலைப் பாறை, காடு, ஓப்ராக் மேட்டுநிலத்தின் புல்வெளி, லோத் ஆற்றுப் பள்ளத்தாக்கு, கடைசியில் மலைமடியில் 11-12ஆம் நூற்றாண்டு மடாலயக் கோவிலோடு கோங்க் கிராமம் என்று முழுப் பாதையிலும் அழகான பகுதி இதுதான் என்பது என் கட்சி.

ஒரே சிக்கல், கோங்க்கில் ரயில் நிலையம் கிடையாது. அங்கிருந்து வண்டி பிடித்து ரொதேஸ் போக வேண்டும். இல்லையென்றால் இன்னும் இரண்டு மூன்று நாள் நடந்து ஃபிஜாக்கில் ரயில் ஏறலாம்.

லெ புய்யிலதான் ஆரம்பிக்கணுமா? நான் இருக்கிறது சூரிச்.

எங்கிருந்தும் ஆரம்பிக்கலாம். அந்தக் காலத்தில் அவரவர் வீட்டு வாசலில்தான் ஆரம்பித்தார்கள். சுவிஸில் இருப்பவர்களுக்கு ஜெனீவாவிலிருந்து லெ புய் வரை சுமார் 350 கிலோமீட்டரில் அடையாளமிட்ட பாதை இருக்கிறது, அதற்கும் ஜி.ஆர். 65 என்றே பெயர். கூட்டம் குறைவு, தங்குமிடமும் குறைவு. பிரெஞ்சு ஓரளவு பேசினால் மட்டும் அதை எடுங்கள். முதல் நடை என்றால் லெ புய்யே நல்லது.

எந்த மாசம் போகலாம்?

மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் கடைசி வரை, அல்லது செப்டம்பர். தங்குமிடங்கள் பல ஏப்ரலில் திறந்து அக்டோபர் கடைசியில் மூடிவிடும். ஏப்ரல் என்றதும் வசந்தம் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். லெ புய்யே கடல்மட்டத்துக்கு 600 மீட்டருக்கு மேல், ஓப்ராக்கில் பாதை 1,300 மீட்டரைத் தாண்டும். ஏப்ரலில் அங்கே பனி பெய்வது அதிசயமே இல்லை. ஜூலை, ஆகஸ்டில் மேட்டுநிலம் பரவாயில்லை, ஆனால் லோத் பள்ளத்தாக்கில் இறங்கியதும் வெயில் வாட்டும்.

மே மாதத்தில் இன்னொரு விஷயம். 1ஆம் தேதி, 8ஆம் தேதி, அப்புறம் இயேசுவின் விண்ணேற்ற வியாழன் என்று பிரான்சில் விடுமுறைகள் அடுத்தடுத்து வரும். அந்த வாரங்களில் படுக்கை கிடைப்பது குதிரைக்கொம்பு. 25ஆம் தேதியை ஒட்டி ஓப்ராக்கில் மாடுகளுக்குப் பூச்சூடி, மணி கட்டி மேய்ச்சலுக்கு மேலே ஓட்டிப்போகும் விழா. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் அந்தச் சமயம் முன்பதிவு இல்லாமல் அங்கே போய் நிற்காதீர்கள்.

எந்தக் கிழமை கிளம்பினா என்ன வித்தியாசம்?

பெரிய வித்தியாசம். ஒரு வார விடுமுறையில் வருகிறவர்கள் சனி, ஞாயிறில் லெ புய்யிலிருந்து கிளம்புவார்கள். வழியில் உள்ளவை சின்ன ஊர்கள், படுக்கைகள் கொஞ்சம். நீங்களும் சனிக்கிழமை கிளம்பினால் வாரம் முழுக்க அதே கூட்டத்தோடு படுக்கைக்குப் போட்டி போட வேண்டியிருக்கும். செவ்வாய், புதன் கிளம்பினால் அவர்கள் முன்னே போயிருப்பார்கள், அடுத்த கூட்டம் பின்னே வரும். காசு செலவில்லாமல் செய்யக்கூடிய மிக நல்ல ஏற்பாடு இதுதான், ஆனால் யாரும் இதை யோசிப்பதில்லை.

சென்னையிலிருந்து வர்றேன். விசாவுக்குத் தங்குமிட ஆதாரம் கேக்குறாங்களே, ஜீத்துக்கெல்லாம் ரசீது கொடுப்பாங்களா?

ஜீத் என்பது நடப்பவர்களுக்கான எளிய விடுதி. ஒரு அறையில் நான்கு முதல் பத்து படுக்கை, பொதுக் குளியலறை. பெரும்பாலும் ஒரு குடும்பம் நடத்தும். மின்னஞ்சலில் கேட்டால் உறுதிக்கடிதம் தருவார்கள், பதில் வர நாளாகும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா தேவை, அதற்கு மொத்த நாட்களுக்கும் தங்குமிடம் காட்ட வேண்டும். ஆகையால் பத்து நாள் நடைக்கு வருபவர்கள் எல்லா இரவையும் முன்கூட்டியே பதிவு செய்து, நாள்வாரியாக ஊர்ப்பெயர், தூரம் போட்டு ஒரு பக்கப் பயணத் திட்டத்தையும் இணையுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முழுப் பாதையையும் ஒரே மூச்சில் நடக்க நினைப்பவர்கள் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற விசா வரம்பை மறக்கக்கூடாது. ஒரு நாளைக்கு 23 கிலோமீட்டர் வீதம் போனால் 66 நாள் வரும், இடையில் ஓய்வுநாள் சேர்த்தாலும் அடங்கிவிடும்.

லெ புய்க்கு எப்படிப் போறது? விமானம் இருக்கா?

ரயிலை நம்புங்கள். பாரிஸ் ஷார்ல் தெ கோல் விமான நிலையத்துக்குள்ளேயே அதிவேக ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து லியோன் பார்-தியூவுக்கு இரண்டு மணிநேரம். லியோனிலிருந்து வட்டார ரயிலில் லெ புய்க்கு இரண்டரை மணிநேரம் போல. சில ரயில் நேரடி, சிலவற்றில் சேன்-எத்தியேன் ஷாத்தோக்ரூவில் மாற வேண்டும். சேன்-எத்தியேனுக்கு அப்புறம் ரயில் லுவார் ஆற்றின் மலையிடுக்கை ஒட்டி வளைந்து வளைந்து போகும். தூங்கிவிடாதீர்கள்.

விமானம் இறங்கிய அன்றே லெ புய் போய்ச் சேர்ந்து மறுநாள் காலை நடக்கத் தொடங்குவது வேண்டாம். ஒரு முழுநாள் அங்கே இருங்கள். 1860இல் நிறுவிய மாதா சிலை ஒன்று பாறை உச்சியில் நிற்கிறது, கிரிமியப் போரில் பிடித்த பீரங்கிகளை உருக்கி வார்த்தது. இன்னொரு பாறை உச்சியில் புனித மிக்கேல் சிற்றாலயம், 268 படி. இரண்டையும் ஏறி இறங்கினால் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

நான் கிறிஸ்தவன் இல்லை. காலைப் பூசைக்குப் போகலாமா?

போகலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், நற்கருணை வாங்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். காலை 7 மணிக்குப் பேராலயத்தில் பூசை. முடிந்ததும் நடக்கப் போகிறவர்களை யாக்கோபு சிலை அருகே அழைத்து எந்த நாடு, எந்த ஊர் என்று கேட்பார்கள். ஆசீர்வாதம், ஒரு சின்னப் பதக்கம். அப்புறம், முன்பின் தெரியாத யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன வேண்டுதல் சீட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு நடக்கலாம். விருப்பம் இருந்தால்தான்.

அதன்பின் கோவிலின் நடுத்தரையில் இருக்கும் இரும்புக் கம்பிக் கதவு திறக்கும். இதுவரை தரை என்று நினைத்த இடத்தில் கீழே போகும் படிக்கட்டு தெரியும். முதுகில் பையோடு எல்லோரும் அதன் வழியாக இறங்கினால் நேரே ஊர்த் தெரு, கண்ணெதிரே எதிர்ப்பக்க மலை. நம்பிக்கை இல்லாதவர்கள்கூட அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

யாத்ரீகர் பாஸ்போர்ட்னு சொல்றாங்களே, அது கட்டாயமா?

பிரான்சில் கட்டாயம் இல்லை, ஆனால் வாங்கிக்கொள்ளுங்கள். மடித்து வைக்கும் ஒரு அட்டை. தங்கும் இடத்தில், கோவிலில், சில தேநீர்க்கடைகளில்கூட முத்திரை குத்துவார்கள். யாத்ரீகர்களுக்கு மட்டும் இடம் தரும் மடங்கள் இதைக் கேட்கும். லெ புய் பேராலயத்திலேயே சில யூரோவுக்குக் கிடைக்கும். நடைக்காலத்தில், ஏற்கெனவே நடந்து முடித்த தன்னார்வலர்கள் மாலையில் ஊரில் புதியவர்களைச் சந்திப்பார்கள். அடுத்த மூன்று நாள் பாதையைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள், எந்தச் செயலியும் அவ்வளவு சொல்லாது.

முதல் நாள் எவ்வளவு நடக்கலாம்? எல்லாரும் சேன்-ப்ரிவா வரைக்கும்னு போட்டிருக்காங்க.

இந்தக் கேள்விக்குத்தான் நான் எல்லோரிடமும் சண்டை போடுகிறேன். வழக்கமான கணக்கு இது: முதல் நாள் சேன்-ப்ரிவா-தாலியே, 23 கிலோமீட்டர். இரண்டாம் நாள் சோக், 19. மூன்றாம் நாள் ல சோவாஜ், 20. படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும். ஆனால் லெ புய்யிலிருந்து 1,200 மீட்டர் வரை ஏறித்தான் முதல் நாள் சேன்-ப்ரிவாவுக்கு இறங்க வேண்டும். மறுநாள் ரோஷ்குத் சிற்றாலயத்தைக் கடந்ததும் அலியே ஆற்றுக்கு இறங்குகிற பாதை அதைவிட மோசம். பாறை, வேர், உருளும் கல். மழை பெய்திருந்தால் ஒவ்வொரு அடியையும் பார்த்து வைக்க வேண்டும். கீழே மோனிஸ்த்ரோல்-தாலியே. ஈஃபெல் நிறுவனம் கட்டிய இரும்புப் பாலத்தில் ஆற்றைத் தாண்டியதும் நேரே செங்குத்து ஏற்றம். கால் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருக்கும்போது 400 மீட்டர் உயரம் ஏற வேண்டும். கொப்புளம், முழங்கால் வீக்கம் என்று பலர் திரும்புவது இந்த இரண்டு நாளில்தான்.

நான் சொல்லும் கணக்கு: முதல் நாள் மோன்போனே, 16 கிலோமீட்டர். இரண்டாம் நாள் மோனிஸ்த்ரோல், 14 போல. இறக்கத்தை நிதானமாக இறங்கி, ஆற்றில் காலை வைத்துவிட்டுத் தூங்குங்கள். மூன்றாம் நாள் காலைப் புத்துணர்ச்சியோடு அந்த ஏற்றம், மதியத்துக்குள் சோக், 12 கிலோமீட்டர். ஒரே ஒரு நாள் கூடுதல். 1764 முதல் 1767 வரை ஆட்களைக் கொன்று இந்தப் பகுதியையே நடுங்கவைத்த, ஓநாய் போன்ற ழெவோதான் மிருகத்துக்கு சோக்கில் ஒரு காட்சியகம் இருக்கிறது, மதியப் பொழுது போய்விடும். நாலாம் நாளிலிருந்து 20 கிலோமீட்டருக்குக் கால் தானே தயாராகிவிடும்.

சென்னையில மலையே இல்லையே, எப்படிப் பழகுறது?

மாடிப்படி. பையில் ஆறு கிலோ வைத்து ஏறி இறங்குங்கள், முக்கியமாக இறங்குங்கள். கடற்கரையில் பத்து கிலோமீட்டர் நடப்பது மூச்சுக்கு நல்லது, முழங்காலுக்கு ஒன்றும் கற்றுத்தராது. காலணியைப் பயணத்துக்கு முன்பே வாரக்கணக்கில் போட்டுப் பழகியிருக்க வேண்டும். கால் வீங்கும் என்பதால் அரை அளவு பெரிதாக வாங்குங்கள்.

எல்லா ராத்திரிக்கும் முன்பதிவு பண்ணணுமா? எனக்கு பிரெஞ்சு வராது.

விசா கட்டாயம் இல்லாதவர்கள் லெ புய் இரவையும் முதல் மூன்று நான்கு இரவுகளையும் மட்டும் முன்பே பிடித்தால் போதும். அப்புறம் இரண்டு நாள் முன்னதாகத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே போகலாம். மே, செப்டம்பரில் ஓப்ராக் பகுதிக்கு மட்டும் இன்னும் முன்கூட்டியே பிடியுங்கள். ஊரில் இறங்கிய பிறகு இடம் தேடுவது சுற்றுலா அலுவலகம் இருக்கும் ஊர்களில் ஓரளவு நடக்கும், ல சோவாஜ் போன்ற தனித்த இடங்களில் நடக்காது.

பிரெஞ்சு வராவிட்டால் இந்த ஒரு வாக்கியம் போதும்: ‘போன்ஜூர், ஜ வூத்ரே ரெசெர்வே ஊன் ப்லாஸ் ஆன் தெமி-பான்சியோன்.’ படுக்கை, இரவுச் சாப்பாடு, காலை உணவு மூன்றும் சேர்த்து ஒரு ஆளுக்கு இடம் வேண்டும் என்று பொருள். அப்புறம் தேதியைச் சொல்லுங்கள். முந்தைய நாள் தங்கிய வீட்டுக்காரரிடம் கேட்டால் அவரே அடுத்த ஊருக்குப் போன் போட்டுத் தருவார், பெரும்பாலும் முகம் சுளிக்காமல்.

வர முடியாவிட்டால் கட்டாயம் ரத்து செய்யுங்கள். சமைத்து வைத்திருப்பார்கள். அதைவிட, இருட்டியும் ஆள் வரவில்லையென்றால் வழியில் விழுந்து கிடக்கிறாரோ என்று தேடக் கிளம்புவார்கள்.

சுத்த சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதுவும் முன்பதிவின்போதே. இரவு 7 அல்லது 7.30க்கு எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுவார்கள். வந்து உட்கார்ந்த பிறகு சைவம் என்றால் பாவம், சமைத்தவருக்கும் சங்கடம். ‘இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன்’ என்று பிரித்துச் சொல்லுங்கள், வெறும் சைவம் என்றால் மீன் வரும். முட்டை சாப்பிடுவீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஆம்லெட்தான் அவர்கள் கைக்கு முதலில் வரும்.

லெ புய்யின் பச்சைப் பருப்பு ஊர் உலகமெல்லாம் பேர் பெற்றது, ஆனால் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டோடுதான் வேகும். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். ஓப்ராக் போனால் அலிகோ: மசித்த உருளைக்கிழங்கில் புதுப் பாலாடைக்கட்டியைப் போட்டு, மரக்கரண்டியால் முழம் நீளத்துக்கு இழுபடும்வரை கிளறுவார்கள். நாள் முழுக்க நடந்த வயிற்றுக்கு அது அமிர்தம். பால் பொருளும் வேண்டாம் என்பவர்களுக்குப் பாதை கடினம்தான். பாரிஸ் வழியாக வந்தால் லா ஷப்பெல் தமிழ்க் கடைகளில் பருப்புப்பொடி வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பாட்டில் ஊறுகாய் வேண்டாம், கனம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகும்? கார்டு போதுமா?

மேலே சொன்ன தெமி-பான்சியோன் 45 முதல் 60 யூரோ வரை. மதியத்துக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம், ஒரு காப்பி எல்லாம் சேர்த்து இன்னும் பத்துப் பதினைந்து. சமையலறை உள்ள ஜீத்தில் படுக்கை மட்டும் எடுத்துச் சமைத்தால் பாதியாகக் குறையும்.

பல வீடுகளில் கார்டு எந்திரம் கிடையாது. மூன்று நாள் செலவுக்கான ரொக்கம் எப்போதும் கையில் இருக்கட்டும். சோக், ஓமோன்-ஓப்ராக், எஸ்பாலியோன் ஊர்களில் எடுத்துக்கொள்ளலாம். கடைகள் மதியம் மூடும், ஞாயிறு மதியத்துக்கு மேல் திறக்காது, பல ஊர்களில் திங்களும் விடுமுறை. சனிக்கிழமையே இரண்டு நாளுக்கு வாங்குங்கள்.

பையைத் தூக்க முடியலைன்னா?

முதலில் பையைக் குறையுங்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு. இரண்டு உடை, ஒரு மழை அங்கி, ஒரு கம்பளிச் சட்டை, மெல்லிய உறக்கப்பை, மருந்து. அதற்கு மேல் வைப்பது பெரும்பாலும் பயத்தில் வைப்பது. அப்படியும் முடியாவிட்டால் பையை அடுத்த ஊருக்கு வண்டியில் கொண்டுபோய் வைக்கும் சேவைகள் உண்டு, லா மால் போஸ்தால் போல. ஒரு நாள் தூரத்துக்குப் பத்து யூரோவை ஒட்டி ஆகும், முந்தின மாலையே சொல்ல வேண்டும். இது ஏமாற்று வேலை என்று முணுமுணுப்பவர்கள் இருப்பார்கள். காதில் வாங்காதீர்கள்.

பொண்ணு தனியாப் போறா. வழி தப்பிடுவாளா? பாதுகாப்பா இருக்குமா?

தனியாக நடக்கும் பெண்கள் இந்தப் பாதையில் நிறைய. இரண்டாம் நாள் இரவுச் சாப்பாட்டு மேசையிலேயே நாலு முகம் பழகிவிடும். அதே முகங்களைத்தான் தினமும் பார்ப்பாள். வழிக்கு மரம், கல், கம்பம் எல்லாவற்றிலும் மேலே வெள்ளை, கீழே சிவப்பு என இரண்டு பட்டை இருக்கும். இரண்டும் குறுக்கே வெட்டிக்கொண்டு பெருக்கல்குறி போல இருந்தால் அந்தப் பக்கம் போகக்கூடாது. பத்து நிமிடமாக எந்தக் குறியும் கண்ணில் படவில்லையென்றால் கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்ப வேண்டும்.

கவனிக்க வேண்டியது ஓப்ராக் மூடுபனி. நாஸ்பினாலுக்கு அப்புறம் திறந்த புல்வெளியில் மரமே இருக்காது. அங்கே ஓப்ராக் மடத்தில் பனியில் வழி தப்பியவர்களுக்காக மணி அடிப்பது ஒரு காலத்து வழக்கம். இப்போது கைபேசியில் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும், சிக்னல் பல இடங்களில் கிடைக்காது. மேய்ச்சல் நிலத்தில் கன்றோடு பசு நின்றால் சுற்றிப் போகட்டும், திறந்த வாயிற்படலை மூடிவிட்டுப் போகட்டும். அவசர எண் 112.

மூட்டைப்பூச்சி இருக்குமாமே?

சில சமயம் இருக்கும். அதனால்தான் பல ஜீத்களில் பையை அறைக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள், வாசலில் பெட்டியில் வைக்கச் சொல்வார்கள். காலணியும் வாசலோடு சரி. கோபித்துக்கொள்ளாமல் ஒத்துழையுங்கள்.

மூணாவது நாளே முடியாமப் போச்சுன்னா?

மோனிஸ்த்ரோலில் ரயில் நிலையம் இருக்கிறது, ரயில்கள் குறைவு. ஓமோன்-ஓப்ராக்கிலும் நிலையம் உண்டு. இடையில் என்றால் வீட்டுக்காரரிடம் சொல்லி டாக்சி வரவழைக்கலாம். ஆனால் ஊர் திரும்புவதற்கு முன் ஒரு நாள் இருந்த இடத்திலேயே ஓய்வெடுத்துப் பாருங்கள். மூன்றாம் நாள் உடம்பு சொல்வதை ஐந்தாம் நாள் அதுவே மறந்துவிடும். கொப்புளம், தசைவலி என்றால் காத்திருக்கலாம். முழங்கால் வீங்கினால் காத்திருக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.

கோங்க்கோட நிறுத்தினா சான்றிதழ் கிடைக்குமா?

சாந்தியாகோவின் சான்றிதழ் அங்கே போய்ச் சேர்ந்து, நடந்து வந்ததை முத்திரைகளால் காட்டுபவர்களுக்கு மட்டும்தான். கோங்க்கில் கிடைப்பது வேறு. இரவு ஜெபத்துக்குப் பிறகு மடாலயத் துறவியர் வந்திருக்கும் யாத்ரீகர்களை ஆசீர்வதிப்பார்கள், கோவில் வாசல் மேலுள்ள இறுதித்தீர்ப்புச் சிற்பத்தை ஒவ்வொரு உருவமாக விளக்குவார்கள். அட்டையைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த வருடம் அங்கிருந்தே தொடரலாம்.

2027ல போகலாம்னு இருக்கேன், சரியா?

2027 ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமை. யாக்கோபு திருநாள் ஞாயிறில் வரும் வருடம் சாந்தியாகோவில் புனித ஆண்டு, ஸ்பெயின் பக்கம் வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகமாக இருக்கும். லெ புய் முதல் கோங்க் வரை மட்டும் என்றால் இதற்காகத் திட்டத்தை மாற்ற வேண்டாம், செப்டம்பர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமையைப் பிடியுங்கள். சாந்தியாகோ வரையே போவதாக இருந்தால் ஸ்பெயின் பகுதிக்கும் சீக்கிரம் படுக்கை பிடியுங்கள், இல்லையென்றால் 2028க்குத் தள்ளிப்போடுங்கள்.